டெல்மர் ஒரு வழியாகத் துப்பாக்கி வாங்கினார்

எங்கள் ஸ்டெட்மன் ஊர்ப் பக்கத்தில் ஒருவனுக்குத் துப்பாக்கி வாங்கும் ஆசை வந்தால், அவன் முதலில் மனைவியிடம் போகமாட்டான். டெல்மர் கெல்லிங்கரிடம் போவான். மனைவி, வேண்டாம் என்பதை ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவாள். டெல்மர், வேண்டும் என்று சொல்வதற்கே ஒரு முழு மத்தியானத்தை எடுத்துக்கொள்வார்.

தெற்கு டகோட்டாவின் மேற்கு ஓரத்தில், பண்ணை பண்ணையாகப் போய் எரிவாயு நிரப்புவது டெல்மரின் பிழைப்பு. லாரியை நிறுத்தி, குழாயைத் தொட்டியில் பூட்டிவிட்டால், அது நிரம்பும் வரை அவருக்கு வாயைத் தவிர வேறு எந்த உறுப்புக்கும் வேலை கிடையாது. பண்ணைக்காரர்கள் அதற்காகவே காத்திருந்து வெளியே வருவார்கள். பிரெய்ரி நாயைச் சுட எந்த ரைஃபிள் நல்லது, தூரத்தை அருகே காட்டும் ஸ்கோப் கண்ணாடியில் எதை அதன் தலையில் பூட்டலாம் என்று கேட்பார்கள். கேட்டவர்களின் தொட்டி நிரம்பிவிடும். பதில் நிரம்பாது.

பிரெய்ரி நாயை நாய் என்று நினைத்து யாரும் எலும்புத்துண்டு போட வேண்டாம். அது கொழுத்த அணில். குரைக்கும் என்பதோடு நாய்க்கும் அதற்குமான உறவு முடிந்தது. மேய்ச்சல் நிலத்தில் ஊர் கட்டிக்கொண்டு, மாட்டுக்கு முன்னால் புல்லைத் தின்றுவிட்டு, குதிரையின் காலுக்கு அளவெடுத்ததுபோல் வளை தோண்டி வைக்கும். கிட்டே போனால் வளைக்குள் நுழைந்துகொண்டு உள்ளேயிருந்து திட்டும். ஆகவே முன்னூறு கெஜம், நானூறு கெஜம் தள்ளி உட்கார்ந்துதான் சுட வேண்டும். அத்தனை தூரத்தில் அது ஒரு காபிக் குவளை அளவுக்குத் தெரியும். இந்தக் காபிக் குவளைக்காகத்தான் எங்கள் ஆண்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

டெல்மருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. 223 அளவுத் துப்பாக்கி வாங்கினால் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் காற்று அடித்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். 22-250 மின்னல் மாதிரி, ஆனால் இருபது முறை சுட்டால் குழல்மேல் முட்டை பொரிக்கலாம். 243 நல்லது, ஆனால் அணிலைச் சுட அது எதற்கு, மானுக்குத் தெரிந்தால் வருத்தப்படும். 204 சின்னக் குண்டு, அவசரக்காரக் குண்டு. எதன்மேல் பட்டாலும் அங்கேயே பொடியாகிவிடும், எகிறிப் போய் வேறெதையும் தொடாது. இப்படி ஒவ்வொன்றையும் புகழ்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நோயைக் கண்டுபிடித்து, கடைசியில் கேட்டவருக்குப் பொருத்தமானதைச் சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. மாவட்டத்தில் பாதித் துப்பாக்கிகள் அவர் நிச்சயித்த கல்யாணங்கள்.

தரகருக்கு மட்டும் கல்யாணம் ஆகவில்லை. டெல்மரிடம் தொலைவில் சுடும் ரைஃபிள் கிடையாது. அவர் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது மகளின் மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு வசந்தத்திலும் முடிவுக்கு மிக அருகில் வந்துவிடுவார். அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு ஸ்கோப் வந்துவிடும். புதுசு வந்திருக்கும்போது பழசை வாங்குகிறவன் முட்டாள், வந்த உடனே புதுசை வாங்குகிறவன் அதைவிட முட்டாள் என்பது அவருடைய கொள்கை. இந்த இரண்டு முட்டாள்களுக்கும் நடுவில் அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தது ரைன்ஹோல்ட் ஹௌக்கின் மேய்ச்சல் நிலத்தில். அதற்குக் காரணம் ஹார்லன் என்ற நண்பர். ரைன்ஹோல்ட் தன் நிலத்தில் சுட ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி கொடுப்பார். இரண்டு பேருக்குக் கொடுத்தால் வாயிற்கதவைத் திறந்து போட்டது யார் என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் கணக்கு. அந்த ஒரு ஆள் ஹார்லன். ஹார்லன் சுடுவார், டெல்மர் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, பைனாகுலரை வைத்துக்கொண்டு, காற்று எப்படி என்று சொல்வார், ஹார்லனின் ஸ்கோப்பில் என்ன குறை என்றும் சொல்வார். ஜூன் மாதத்துக் காலைகளில், வானம்பாடி கத்த, சேஜ் செடி மணக்க, ஒரு மனிதனுக்குப் பிறரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட வேறென்ன வேண்டும்.

இந்த வசந்தத்தில் ஹார்லன் முழங்கால் வலிக்காக அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். அனுமதியும் அவரோடு போய்விட்டது. மற்ற பண்ணைகளில் நாய்களுக்கு விஷம் வைத்தாயிற்று. மிச்சமிருந்ததைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. சுற்றுவட்டாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி நாய் ஊர் இருப்பது ரைன்ஹோல்ட் நிலத்தில் மட்டும்தான். அந்த அனுமதி கிடைக்காவிட்டால் டெல்மருக்கு ஜூன் மாதமே இல்லை.

அனுமதி கேட்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. நேரில் போக வேண்டும். கையில் ஏதாவது பலகாரம் இருக்க வேண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேச வேண்டும். மழை பெய்யாததைப் பற்றிப் பேச வேண்டும். கன்று விலையைப் பற்றி இருவரும் சேர்ந்து வருத்தப்பட வேண்டும். வந்த விஷயத்தை வாயில் எடுக்கக் கூடாது. எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் கேட்க வேண்டும். மேசையிலேயே கேட்டுவிட்டவன் நகரத்துக்காரன்.

டெல்மரின் மனைவி லவோன் புளிப்பான ருபார்ப் தண்டு போட்டு, கூகன் என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் ஜெர்மன் கேக் சுட்டுக் கொடுத்தாள். டெல்மர் முறைப்படி மழையை முடித்து, கன்றை முடித்து, கதவுப் பிடிவரை வந்து கேட்டார். ரைன்ஹோல்ட் கூகனின் கடைசித் துண்டைப் பார்த்தபடியே, பல் டாக்டர் ஒருவரும் கேட்டிருக்கிறார் என்று சொன்னார். ராப்பிட் சிட்டியிலிருந்து வருகிற டாக்டர் ஆல்சன். ரைன்ஹோல்டின் கீழ்ப் பல் வரிசையைக் கட்டியவர். அதாவது அவர் கூகன் கொண்டுவரவில்லை, கூகன் தின்னும் வாயையே கொண்டுவந்திருந்தார்.

"சனிக்கெழம காலையில ரெண்டு பேரும் வாங்க. நான் பாக்கணும்" என்றார் ரைன்ஹோல்ட்.

"என்னத்த பாக்கப் போறீங்க?"

"பாக்கும்போது தெரியும்."

அப்புறம் கேட்டார்: "உன்கிட்ட என்ன துப்பாக்கி இருக்கு?"

டெல்மர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, துப்பாக்கியைப் பற்றிய ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னார். வந்துகொண்டிருக்கிறது என்றார்.

அன்று தொடங்கி ஸ்டெட்மனில் வேறு பேச்சில்லை. டார்லீன் நடத்தும் காப்பிக் கடையில் டெல்மர் நுழைந்தாலே ஆளாளுக்கு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். இருபது வருஷமாக யோசனை கேட்டவர்கள் எல்லோரும் கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள்போல் யோசனை சொன்னார்கள். 223 வாங்கு என்று ஒருவர், காற்று என்று இன்னொருவர், காற்றைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று மூன்றாமவர். எல்லாமே டெல்மர் எப்போதோ சொன்னவைதான். தன் வாயிலிருந்து போனது ஊரெல்லாம் சுற்றி, கொஞ்சம் கெட்டுப்போய்த் திரும்பி வருவதை அவர் முதன்முறையாகக் காதால் கேட்டார்.

காப்பியை ஊற்றிக்கொண்டே டார்லீன் சொன்னாள்: "என் தம்பிக்கு ஒரே மத்தியானத்துல முடிச்சுக் குடுத்தியேய்யா. உனக்கு மட்டும் என்ன?"

"உன் தம்பி ஒரு குறை இருந்தாலும் சகிச்சுக்குவான். நான் அப்படி இல்ல."

"அதான் உன் வீட்டுக்காரிய நெனச்சா எனக்குப் பாவமா இருக்கு" என்றாள் டார்லீன்.

வீட்டுக்காரி பாவப்பட்டவளாக ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க டெல்மர் விலைப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்ததால் மூன்று வேளையும் அவளும் அவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். வியாழக்கிழமை அவள் கேட்டாள்: "என்னைத் தேர்ந்தெடுக்க எத்தன நாள் எடுத்துக்கிட்ட?"

"ஒரு சாயங்காலம்."

"அதுலயும் பாதி நேரம் எங்க அண்ணனோட துப்பாக்கியப் பத்திதான் பேசிட்டிருந்த. மிச்சப் பாதியிலதான் என்னைப் பாத்த. ஏதாவது கெட்டுப்போச்சா?"

டெல்மர் பதில் சொல்வதற்குமுன் யோசித்தார். யோசித்ததை லவோன் கவனித்தாள். அந்தக் கணத்தில்தான் துப்பாக்கி முடிவாயிற்று என்று நினைக்கிறேன். அவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

204தான் வாங்கினார். கனத்த குழல், வேலிக் கம்பம் மாதிரி. சூடானாலும் குறி நகராது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கோப் விஷயத்தில்தான் இருபது வருஷப் பசி வெளியே வந்துவிட்டது. கடையில் இருந்ததிலேயே பெரியதை எடுத்தார். முன்கண்ணாடி மழைநீர்க் குழாய் அகலம். உருப்பெருக்கியைக் கடைசிவரை திருப்பினால் நாயின் மீசையை எண்ணலாம். ஆனால் வெயில் ஏறிய பிறகு கானலும் அதே அளவுக்குப் பெரிதாகி, நாய் நீச்சலடிப்பது மாதிரி தெரியும். இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவரே டெல்மர்தான். நடுத்தர ஸ்கோப் போதும், கண்ணாடி தெளிவாக இருந்தால் சரி, பெரிதைப் பார்த்து மயங்காதே என்று எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார். தன்னைக் காப்பாற்ற அன்று கடையில் இன்னொரு டெல்மர் இல்லை.

அவ்வளவு பெரிய முன்கண்ணாடி குழல்மேல் இடித்தது. இடிக்காமல் இருக்க, உயரமான வளையங்களைப் போட்டு ஸ்கோப்பைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. பார்த்தால், காட்டெருமைக்குத் திமில் முளைத்த மாதிரி துப்பாக்கியின் முதுகில் அது நின்றது. மறுநாள் சரளைக்கல் குழியில் மேசை போட்டு உட்கார்ந்து குறியைச் சரிசெய்தார். சுட்டதெல்லாம் குறிக் காகிதத்தில் ஒரே ஓட்டை மாதிரி விழுந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகள் பிறந்த அன்று எடுத்த படத்தைக்கூட அவர் அப்படி வைத்துக்கொண்டதில்லை என்று லவோன் சொன்னாள்.

சனிக்கிழமை காலை காற்றே இல்லை. டாக்டர் ஆல்சன் முன்னாலேயே வந்து, இழுவை வண்டியிலிருந்து, உட்கார்ந்து சுடுவதற்கான ஒரு சுழல் மேசையை இறக்கிப் போட்டிருந்தார். தூரம் அளக்க ஒன்று, காற்றை அளக்க ஒன்று, இரண்டையும் கூட்டிச் சொல்ல ஒன்று என்று பெட்டி பெட்டியாகக் கருவிகள். நல்ல மனுஷர், டெல்மரின் துப்பாக்கியைப் பார்த்து, ஸ்கோப் பிரமாதம் என்று மனதாரச் சொன்னார். ரைன்ஹோல்ட் தன் பிக்கப் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். போன இலையுதிர் காலத்தில் கன்று விற்று வாங்கிய புது வண்டி. அவர் வாழ்க்கையிலேயே முதல் புது வண்டி அதுதான். இருக்கையில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை.

டாக்டர் முதலில் சுட்டார். சுட்டார் என்பதைவிட, மருந்துச் சீட்டு எழுதினார் எனலாம். கருவியைப் பார்த்து, குமிழைத் திருப்பி, ஒரு நாய். மறுபடி பார்த்து, திருப்பி, இன்னொரு நாய். மேட்டின் விளிம்பில் நின்றதையும் விடவில்லை. ரைன்ஹோல்ட் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார். டாக்டர் கருவியைப் பார்த்து, மேடு ஐந்நூற்று நாற்பது கெஜம் என்றார்.

"தூரம் கேக்கல" என்றார் ரைன்ஹோல்ட்.

டெல்மரின் முறை வந்தது. அவரிடம் சுழல் மேசை இல்லை. தரையெல்லாம் சப்பாத்திக் கள்ளி முள். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என் வண்டி மேல வச்சு சுடு" என்றார் ரைன்ஹோல்ட்.

இந்த நாட்டில் அது சாதாரண விஷயம். பண்ணைக்காரன் நரியைச் சுடுவதும் பிக்கப்பின் பானெட்மேல் கையை ஊன்றித்தான். ஆனாலும் புது வண்டியின் பானெட்டை ஒருவர் தானாகக் கொடுப்பது என்றால் அது பாதி அனுமதி. டெல்மரின் காது சிவந்துவிட்டது. மேல்கோட்டைச் சுருட்டிப் பானெட்மேல் வைத்து, அதன்மேல் துப்பாக்கியைப் பதமாகப் படுக்க வைத்து, சாய்ந்து கண்ணை வைத்தார்.

ஸ்கோப்பில் உலகம் கண்ணாடி கழுவி வைத்த மாதிரி இருந்தது. முன்னூறு கெஜத்தில் ஒரு கிழட்டு நாய் வளைமேட்டில் நிமிர்ந்து, வரிகட்டாதவனைப்போல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. டெல்மர் உருப்பெருக்கியைக் கூட்டினார், குறைத்தார், கூட்டினார். பக்கக் குமிழைத் திருகினார். மூச்சை விட்டார், பாதியில் நிறுத்தினார், மறுபடி விட்டார். ரைன்ஹோல்ட் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். டெல்மர் விசையை அழுத்தினார்.

சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. நாய் விழவில்லை. அது திரும்பி, இவர்கள் பக்கம் பார்த்தது.

"பட்டுச்சா?" என்று டெல்மர், கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"பட்டுது" என்றார் டாக்டர், மெதுவாக. "நாய் மேல இல்ல."

பெயிண்ட் கருகும் வாசனை அப்போதுதான் வந்தது.

ஸ்கோப் குழலுக்கு மேலே நிற்கிறது. டெல்மருடையது ஒரு சாண் என்று சொல்லும்படி மேலே நின்றது. இந்த வண்டிகளின் பானெட்டோ நடுவில் புடைத்திருக்கும். கண்ணுக்குப் புடைப்பைத் தாண்டி வானமும் நாயும் பளிச்சென்று தெரியும். கீழே குழலுக்கு எதிரே இருப்பது தகரம் மட்டும்தான். நடுத்தர ஸ்கோப் வாங்கித் தாழ்வாகப் பூட்டியிருந்தால் அந்தப் புடைப்பே கண்ணை மறைத்து எச்சரித்திருக்கும். நல்ல ஸ்கோப் வாங்கினவனுக்குத்தான் இந்த விபத்து வாய்க்கும். கூடுதல் விலை கொடுத்தவனுக்கு இன்னும் சுலபமாக வாய்க்கும்.

பானெட்டில் உழவு சால் மாதிரி ஒரு கோடு. கோட்டின் முடிவில் மத்தி மீன் டப்பாவைத் திறந்த மாதிரி தகரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ரைன்ஹோல்ட் நிதானமாக வந்து அதற்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பானெட்டைத் தூக்கினார். அவசரக்காரக் குண்டு சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தது: தகரத்தில் பட்ட இடத்திலேயே பொடியாகிவிட்டிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி துடைக்கும் தண்ணீர் டப்பா மட்டும் பொத்தலாகி, நீலமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

டெல்மர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரைன்ஹோல்ட் பானெட்டை மூடினார்.

"காப்பி சாப்பிடலாம்" என்றார்.

மூன்று பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். மே மாதத்தில் பெய்தது போதாது என்று ரைன்ஹோல்ட் சொன்னார். போதாதுதான் என்றார் டாக்டர். டெல்மர் தலையாட்டினார். கன்று விலையைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கன்றுகளை விற்று வாங்கிய வண்டி ஜன்னல் வழியாக எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. டெல்மர் காப்பியைக் குடிக்கவில்லை, குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சேதத்துக்குத் தான் பொறுப்பு என்று ஒரு தடவை ஆரம்பித்தார். ரைன்ஹோல்ட் ஜூலை மழையைப் பற்றிப் பேசி அதை மூடிவிட்டார்.

டெல்மர் எழுந்தார். தொப்பியை மாட்டினார். கதவுப் பிடியில் கை வைத்தார். கேட்க வேண்டிய இடம் அதுதான். கேட்பதற்கு வாயும் இல்லை, வழியும் இல்லை. கதவைத் திறந்துவிட்டார்.

"டெல்மர்" என்றார் ரைன்ஹோல்ட், மேசையிலிருந்து எழாமல். "அடுத்த வாரம் எந்தப் பக்க வாசல் வழியா வருவ?"

டெல்மர் திரும்பினார். டாக்டரும் திரும்பினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர்" என்றார் ரைன்ஹோல்ட். "நல்லா சுடுறீங்க. ஆனா துப்பாக்கி புடிக்கிற ஒவ்வொருத்தன்கிட்டயும் முட்டாள்தனமா ஒரு குண்டு இருக்கு. என்னைக்காவது அது வெளிய வந்தே தீரும். இவனோடது வந்துருச்சு, நானே பாத்தேன். உங்களோடது இன்னும் உள்ளதான் இருக்கு. அந்த மேட்டுக்குப் பின்னாடி என் மாடு நிக்குது."

டாக்டர் இதை ஒரு நோயாளியின் பல்லைப் பார்ப்பதுபோல் எல்லாப் பக்கமும் பார்த்தார். "நான் என் வண்டியச் சுட்டுட்டு வந்தா?" என்று கேட்டார்.

"அப்ப பேசலாம்."

டெல்மர் நன்றி சொல்லப் போனார். ரைன்ஹோல்ட் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணு. பானெட்ட நீ சரி பண்ணக் கூடாது. நானும் பண்ணப் போறதில்ல."

அது என்ன நிபந்தனை என்று டெல்மருக்கு அன்று புரியவில்லை. திங்கட்கிழமை புரிந்தது. ரைன்ஹோல்ட் அந்த வண்டியை டார்லீன் கடையின் வாசலில், உள்ளே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்படி மூக்கை வைத்து நிறுத்தினார். உள்ளே வந்து உட்கார்ந்து, கேட்டவர்களுக்குச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். பொதுவாக அவர் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. டார்லீன் வெளியே போய் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்து, "எத்தன கெஜம்யா இருக்கும்?" என்று டெல்மரிடம் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் மூன்று மேசைகளிலிருந்து மூன்று அளவுகள் வந்தன. ஒருவர் காற்றையும் கணக்கில் சேர்த்தார்.

எரிவாயு நிரப்பப் போகிற இடங்களில் இப்போதும் பண்ணைக்காரர்கள் வெளியே வருகிறார்கள். ஸ்கோப் பற்றி யாரும் கேட்பதில்லை. லாரியின் பானெட்டைத்தான் முதலில் ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

ஆனால் ஜூன் மாதம் டெல்மருக்குக் கிடைத்துவிட்டது. பழைய சாக்கைச் சப்பாத்தி முள்மேல் விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்கிறார். குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டைக் கழற்றிவிட்டு, முதலில் வெறும் குழலுக்குள்ளேயே கண்ணை வைத்துப் பார்க்கிறார். எதிரே புல்லும் நாயும் தவிர வேறெதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பூட்டை மாட்டி ஸ்கோப்புக்கு வருகிறார். இதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நாய்கள் ஒரு குடும்பமே வளர்த்துவிடுகின்றன. நாய்களின் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை.

சில காலைகளில் ரைன்ஹோல்ட் காப்பிக் குடுவையோடு வந்து பக்கத்தில் உட்கார்கிறார். தபால் பெட்டிவரைகூட வண்டியில் போகிற மனுஷர் அவர். இங்கே வரும்போது மட்டும் வண்டியை மேய்ச்சல் நிலத்து வாயிற்கதவுகளில் மூன்றாவதற்கு அந்தப் பக்கம், மேட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அரை மைல் நடந்து வருகிறார்.